அல்சூர்க்காரரின் நடை

பெங்களூருக்கு ஆறு இல்லை. மதுரைக்கு வைகை, திருநெல்வேலிக்குத் தாமிரபரணி, கெட்ட பெயர் எடுத்திருந்தாலும் சென்னைக்குக் கூவம் என்று ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொள்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பெய்கிற மழை மேற்கே சரிந்தால் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும் பிறகு காவிரிக்கும் போகிறது. கிழக்கே சரிந்தால் தென்பெண்ணைக்கு. இரண்டுமே கடைசியில் தமிழ்நாட்டுக்குத்தான் வருகின்றன. பெங்களூர்வாசிகளில் பலருக்கு இது தெரியாது. ஓசூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கான காரணம் பின்னால் வரும்.

ஆறு இல்லாத ஊருக்கு ஏரிதான் ஆதாரம். 1537இல் கோட்டை கட்டிய கெம்பேகவுடா காலத்திலிருந்து, ஒரு ஏரி நிரம்பினால் அடுத்ததற்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே இருப்பதற்கு என்று வாய்க்கால்களால் இணைத்து வைத்தார்கள். கன்னடத்தில் இதற்கு ராஜகாலுவே என்று பெயர். பெயரில் மட்டும் இன்னும் ராஜா இருக்கிறார். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் தண்ணீர் வந்ததும் ஏரிகளுக்கு மரியாதை போயிற்று. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமானது. சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து மெஜஸ்டிக்கில் பெட்டி படுக்கையோடு இறங்கிய தமிழர்கள் உண்மையில் ஏரிக்குள்தான் இறங்கினார்கள்.

சம்பங்கியில் ஒரு சின்னக் குளம் மட்டும் மிச்சமிருக்கிறது. அதைக் காப்பாற்றியது எந்த இன்ஜினீயரும் அல்ல, திரௌபதி. தமிழ் கலந்த பேச்சைக் கொண்ட திகளர் சமூகத்தினர், பரம்பரைத் தோட்டக்காரர்கள், ஆண்டுதோறும் எடுக்கும் கரகத் திருவிழாவின் சடங்குகளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகம், பழைய பேட்டையின் சந்துகள் வழியாக, காட்டன்பேட்டை மஸ்தான் தர்காவில் நின்று, விடிய விடிய நடக்கிறது. நகரத்தின் நடுவே நடப்பது எப்படி என்று பெங்களூருக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனாலும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நிபுணர்கள் அதைத்தான் கற்றுத் தருகிறார்கள். சில இடங்களில் நன்றாகவே கற்றுத் தருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அல்சூரில் வசிக்கும் அந்த 72 வயதுக்காரர் இதையெல்லாம் வேறு விதமாகப் பார்க்கிறார். கன்னடத்தில் ஹலசூரு, தமிழில் அல்சூர். 1809இல் ஆங்கிலேயர்கள் தண்டு அமைத்தபோது சிப்பாய்களோடும் கான்ட்ராக்டர்களோடும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள்; பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். இவருடைய தாத்தா திருக்கோயிலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அப்பாவும் இங்கேயே பிறந்தார். இவர் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் கன்னடமும், தொழிற்சாலையில் கன்னடம், கடைவீதியில் உருது. நான்காவதாக ஆங்கிலத்தை அவர் சினிமா பார்த்துக் கற்றுக்கொண்டார்.

சினிமாவுக்கு நடந்துதான் போவார். அல்சூரிலிருந்து டிரினிட்டி சர்க்கிள், அங்கிருந்து எம்.ஜி. ரோடு. (இங்கே எம்.ஜி. என்றால் மகாத்மா காந்தி. சென்னையிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது.) ரோட்டின் வடக்குப் பக்கம், பரேடு மைதானத்தை ஒட்டி, மரநிழலும் காகிதப்பூக் கொடியுமாக நீளமான நடைபாதை உண்டு. எதிர்ப்புறம் கடைகள். இளைஞர்கள் கடைப்பக்கம் நடப்பார்கள். கையில் காசில்லாதவர்கள் பூப்பக்கம் நடப்பார்கள். அவர் பல வருடங்கள் பூப்பக்கம் நடந்தார். கல்யாணம் ஆன பிறகு மனைவியோடு இரண்டு பக்கமும் நடந்தார். பிளாசா தியேட்டரில் ஒரு படம், இந்தியா காபி ஹவுஸில் ஒரு காபி, திரும்பவும் நடை. மொத்தம் ஐந்து கிலோமீட்டர் இருக்கும். யாரும் அதை உடற்பயிற்சி என்று சொன்னதில்லை.

1991 டிசம்பரில் அந்த நடை நின்றது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை மத்திய அரசு கெசட்டில் வெளியிட்டதையடுத்து பெங்களூரில் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. குடிசைகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அல்சூருக்குள் தமிழர்கள் அதிகம் என்பதால் அவருடைய தெருவில் தைரியம் இருந்தது. தெருவைத் தாண்டினால் இல்லை. தொழிற்சாலையிலிருந்து அன்று பஸ் கிடையாது. கூட வேலை பார்த்த கன்னடக்காரர் ஒருவர் பாதி தூரம் அவரோடு நடந்து வந்தார். வழி முழுக்க அவரே பேசிக்கொண்டு வந்தார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். இவருடைய கன்னடத்தில் குறை எதுவும் கிடையாது. ஆனால் பயம் வந்தால் வாயில் தாய்மொழிதான் முதலில் வரும் என்பதை நண்பர் அறிந்திருந்தார்.

அதற்குப் பிறகு பல மாதங்கள், பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனால் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. "அப்பா" என்று கூப்பிட மட்டும் தடையில்லை. அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றே. நடக்க ஏற்ற தெரு எது என்று நகரமைப்பு வல்லுநர்கள் பட்டியல் போடும்போது பிளாட்பாரத்தின் அகலம், விளக்கு, நிழல், கடக்கும் இடம் எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். இதை அளக்க அவர்களிடம் கருவி கிடையாது.

அல்சூர் ஏரியின் அருகே அதே ஆண்டு ஒரு திருவள்ளுவர் சிலை நிறுவப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் திறக்கப்படவில்லை. மூடியே வைத்தார்கள். ஒரு வாரமல்ல, ஒரு வருடமல்ல, 18 வருடம். ஏரிக்கரையில் காலை நடைக்குப் போகும்போதெல்லாம் அவர் அந்த மூட்டையைத் தாண்டித்தான் போனார். உள்ளே இருப்பவர் யார் என்று தெரியும் என்பதால் முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது, அதுதான் இன்னும் வருத்தம் என்கிறார். 2009 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பண்டமாற்று என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. அல்சூர்க்காரருக்குக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. மறுநாள் காலை வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகம் நடந்தார்.

ஏரிக்கும் அவருக்கும் உறவு சுமுகமானது என்று சொல்ல முடியாது. சுமார் 50 ஹெக்டேர் பரப்பு, நடுவே தீவுகள், படகு, ஒரு பக்கம் ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப். படத்தில் பார்த்தால் சுவிட்சர்லாந்து. மூக்கு வேறு கதை சொல்லும். வாய்க்கால்கள் மழைநீரோடு சாக்கடையையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. 2016 மார்ச்சில் ஒரு நாள் காலை ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நடைபாதை அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. பாதை போடுவதற்கும் ஏரியைக் காப்பாற்றுவதற்கும் இடையே உள்ள தூரத்தை அன்றைக்குக் கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

இதற்கிடையே நகரத்தின் மையம் தலைகீழாக மாறியது. மெட்ரோவுக்காக எம்.ஜி. ரோட்டின் பூப்பக்க நடைபாதை இடிக்கப்பட்டது. பிளாசா போயிற்று. 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை முதல் ரயில் ஓடியது. பழைய நடைபாதை இருந்த இடத்தில், மேலே தண்டவாளமும் கீழே கலைக்கூடமுமாக, புதிதாக ஒன்று வந்தது. நிழலுக்குக் குறைவில்லை, ஆனால் அது கான்கிரீட்டின் நிழல். காபி ஹவுஸ் 2009லேயே சர்ச் தெருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

அவர் நடப்பதை நிறுத்திய இரண்டாவது சம்பவம் அரசியல் சம்பந்தப்பட்டதல்ல. சாக்கடை மேல் போட்டிருந்த ஒரு ஸ்லாப் காலடியில் புரண்டது. மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. எந்தச் சாலை என்பது முக்கியமில்லை. அந்த நாட்களில் எந்தச் சாலையாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். "இனிமே ஆட்டோல போங்க, இல்லாட்டி போகாதீங்க" என்று வீட்டம்மா உத்தரவு போட்டார். வயதானவர்களின் உலகம் இப்படித்தான் சுருங்குகிறது. முதலில் பஸ் ஏற முடியாமல், பிறகு ரோட்டைக் கடக்க முடியாமல், கடைசியில் வாசல்படி வரைக்கும்.

நாட்டின் நகரப் போக்குவரத்துக் கொள்கை 2006இல் எழுதப்பட்டபோதே, வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதுதான் நோக்கம் என்று அதில் சொல்லப்பட்டது. பெங்களூர் அதற்குப் பிறகும் மேம்பாலம் கட்டிக்கொண்டேயிருந்தது. பதிவு செய்யப்பட்ட வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டின. இதற்கு நடுவே டெண்டர்ஷ்யூர் என்று ஒரு திட்டம் வந்தது. யோசனை எளிது. சாலை ஓரிடத்தில் அகலமாகவும் இன்னோரிடத்தில் குறுகலாகவும் இருப்பதால்தான் நெரிசல்; எனவே வண்டிகளுக்கு ஒரே சீரான அகலம் கொடுத்துவிட்டு, மீதியைப் பிளாட்பாரத்துக்குக் கொடுக்க வேண்டும். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி ஒவ்வொன்றுக்கும் பூமிக்கடியில் தனித்தனி வழி. தினம் ஒரு இலாகா வந்து தோண்டக்கூடாது. செயின்ட் மார்க்ஸ் ரோடு, ரெசிடென்சி ரோடு, மியூசியம் ரோடு, கன்னிங்காம் ரோடு என்று நகர மையத்தின் சில சாலைகள் 2015ஐ ஒட்டி இப்படி மாறின. கார்க்காரர்கள் திட்டினார்கள். செலவு அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். தள்ளுநாற்காலியும் குழந்தை வண்டியும் பெங்களூர்ப் பிளாட்பாரத்தில் உருண்டு போனதைப் பலர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அடுத்தது சர்ச் தெரு. பிரிகேட் ரோட்டிலிருந்து செயின்ட் மார்க்ஸ் ரோடு வரை முக்கால் கிலோமீட்டர்கூட இராது. 2017இல் தோண்டினார்கள். மண்மேட்டைத் தாண்டி வாடிக்கையாளர் வராமல் கடைக்காரர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். 2018இன் தொடக்கத்தில் கருங்கல் பதித்த தெருவாக அது திறந்தது. 2020 நவம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை, கொரோனா பயம் தீராத நாட்களில், சனி ஞாயிறுகளில் வண்டிகளை அடியோடு நிறுத்திப் பார்த்தார்கள். கல்லூரியில் பி.காம். படிக்கும் பேத்தி பிற்பாடு ஒரு நாள் தாத்தாவின் கையைப் பிடித்து மெட்ரோவில் ஏற்றி, அங்கே கொண்டுபோய் விட்டாள். பழைய புத்தகக் கடை, காபி ஹவுஸ், ஒரு திண்ணையளவு உட்காரும் இடம். அவர் கீழே பார்க்காமல் நடந்தார். பத்து நிமிடம் கழித்துத்தான் அது அவருக்கே உறைத்தது.

பாராட்டு அதோடு முடிந்துவிடவில்லை, புகாரும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு தொடரவில்லை; வண்டிகள் திரும்பிவிட்டன. சில வருடங்களில் கற்கள் ஆங்காங்கே பெயர்ந்தன. அதைவிடப் பெரிய விஷயம், புதுத் தெருக்களில் தென்படாதவர்கள். வேர்க்கடலை வண்டி, பூக்கூடை, செருப்புத் தைப்பவர், சோளம் சுடும் பெண் ஆகியோர் பழைய கரடுமுரடுப் பிளாட்பாரத்தில் இருந்தார்கள். அழகான பிளாட்பாரத்தில் அவர்களுக்கு இடம் குறிக்க வரைபடக்காரர்கள் மறந்தார்கள். தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. பசவனகுடி காந்தி பஜாரைச் சீரமைக்க முனைந்தபோது பூக்காரர்களும் பழக்காரர்களும் எங்கே உட்காருவது என்பதுதான் பெரிய சண்டையாக இருந்தது. சென்னையில் 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோதும் இதே கேள்விதான். நடப்பவர்களில் பாதிப்பேர் எதையாவது வாங்கத்தான் நடக்கிறார்கள். பத்து ரூபாய்க்கு வாங்க ஒன்றும் இல்லாத தெருவில் காசில்லாதவன் எந்தப் பக்கம் நடப்பான்?

தண்ணீரோரம் நடப்பதற்கான பெரிய முயற்சி 2021இல் ஆரம்பித்தது. மெஜஸ்டிக் பக்கத்திலிருந்து கே.ஆர். மார்க்கெட், கலாசிபாளையம், வில்சன் கார்டன், சாந்திநகர், கோரமங்களா வழியாக பெல்லந்தூர் ஏரிக்குப் போகும் பிரதான ராஜகாலுவேக்கு கே-100 என்று இலாகாக் கணக்கில் எண். பத்து கிலோமீட்டருக்குச் சற்று கூடக்குறைய நீளம். பல தலைமுறைகளாக அது திறந்த சாக்கடை. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டுவார்கள். அதைத் தூர்வாரி, சாக்கடை இணைப்புகளைப் பிரித்து, கரையில் நடைபாதையும் செடியும் விளக்கும் வைப்பது என்று அப்போதைய மாநகராட்சி சுமார் 175 கோடி ரூபாயில் இறங்கியது. தென்கொரியாவின் சியோலில் மேம்பாலச் சாலையை இடித்து, அடியில் புதைந்திருந்த சோங்யேசோன் ஓடையை 2005இல் மீட்டதை உதாரணமாகக் காட்டினார்கள். அங்கே 5.8 கிலோமீட்டர் ஓடை. ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பது. பெங்களூருக்கு ஹான் ஆறு கிடையாது. மழை இல்லாத மாதங்களில் இங்கே ஓட்டம் வேண்டுமென்றால் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் விட வேண்டும்.

கஷ்டமான வேலை பூமிக்கடியில்தான் இருந்தது. எந்த வீட்டின், எந்தப் பட்டறையின், எந்த மார்க்கெட்டின் குழாய் எங்கே வந்து சேர்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். குழாய்க்குச் சொந்தக்காரர்கள் யாரும் முன்வந்து சொல்லப்போவதில்லை. சொன்ன தேதிகள் தாண்டின. சில பகுதிகளில் நடைபாதை வந்தது, சுவரில் ஓவியம் வந்தது, சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். கனமழை பெய்தால் பழைய நாற்றமும் வந்தது. 2025இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. பெயர்ந்த ஒரு கல்லுக்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதை மக்கள் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பேத்தியோடு சாந்திநகர் பக்கம் அந்தப் பாதையில் ஒரு நாள் நடந்தார். பாதை அவருக்குப் பிடித்தது. மதில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை வெளியே எடுத்துக் காட்டினால்தான் யாராவது வெட்கப்படுவார்கள் என்றார். "இது எங்க தாத்தா போகுது?" என்று அவள் கேட்டாள். பெல்லந்தூருக்கு என்றார். அங்கிருந்து? வர்த்தூர் ஏரி. அங்கிருந்து?

அங்கிருந்து தென்பெண்ணை. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கியும் தீப்பிடித்தும் 2015க்கும 2018க்கும் இடையே உலகச் செய்தியானது. 2018 ஜனவரியில் தீயை அணைக்க ராணுவ வீரர்களும் இறங்கினார்கள். அந்த ஆண்டிலிருந்து கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த கழிவுநீரில் ஒரு பகுதி குழாயில் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. மீதி, சுத்திகரித்ததும் சுத்திகரிக்காததும், பழைய வழியிலேயே கீழே இறங்கி, எல்லையைத் தாண்டி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோயிலூர், கடலூர், கடல்.

திருக்கோயிலூர் என்றதும் அவள் நின்றுவிட்டாள். கொள்ளுத்தாத்தாவுக்கும் அப்பா வந்த ஊர் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறாள், பார்த்ததில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். தங்கை மகன் அணைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். ஷட்டர் திறந்திருந்தது. வெள்ளை வெளேரென்று நுரை. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு காயப்போட்டது போல. காற்று அடித்தபோது ஒரு துண்டு கிளம்பி ஆற்றோரத் தக்காளித் தோட்டத்தில் உட்கார்ந்தது.

"உங்க ஊர்ல வாய்க்கால் ஓரமா பாதையெல்லாம் போட்டு ரொம்ப அழகா பண்ணிட்டாங்களாமே மாமா?"

"போட்டிருக்காங்கப்பா. ஒரு நாள் வா, நடந்து காட்டறேன்" என்றார். அவன் வண்டியைத் திருப்பினான். பாலத்தில் நுரை ஏறியிருந்ததால் நடந்துபோன இரண்டு பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.